மேஸ்திரி கடைசியாக உட்கார்ந்திருந்த இடம்

பிப்ரவரி 11

மதிப்புக்குரிய தம்பிக்கு,

உங்களுக்கு என்னைத் தெரியாது. உங்கள் படைப்பிரிவில் எல்லோரும் 'மேஸ்திரி' என்று கூப்பிடுவார்களே, அவருடைய மனைவி நான். ராணுவத்தில் சேருவதற்கு முன் அவர் கட்டட வேலைதான் பார்த்தார். எங்கே போனாலும் விரல் முட்டியால் சுவரைத் தட்டிப் பார்க்கிற வழக்கத்தை அங்கேயும் விடவில்லையாம், அதனால்தான் அந்தப் பெயர் என்று எழுதியிருந்தார். உங்களைப் பற்றியும் எழுதுவார். "எங்க பிரிவுல ஒரு ஊமை இருக்கான். வாயைத் திறந்தா முத்து கொட்டிடும்னு பயம்போல. ஆனா நல்லவன்" என்று. கோபித்துக்கொள்ளாதீர்கள், அவர் எழுதியதை அப்படியே சொல்கிறேன்.

ராணுவ அலுவலகத்திலிருந்து எனக்கு வந்த கடிதத்தில் 'காணவில்லை' என்று இருக்கிறது. வேறு எதுவும் இல்லை. வீட்டில் ஒரு குடை காணாமல் போனால்கூட, கடைசியாக எங்கே வைத்தோம் என்று யாராவது ஒருவர் யோசித்துச் சொல்வார்கள். அவரைப் பற்றி அப்படிச் சொல்ல ஆள் இல்லை. விடுப்பில் வந்த உங்கள் பிரிவுச் சமையல்காரர்தான், மலையில் அவரோடு கடைசிவரை இருந்தது நீங்கள் என்றும், இப்போது ஆஸ்பத்திரியில் இருக்கிறீர்கள் என்றும் சொல்லி விலாசம் கொடுத்தார்.

உடம்பு தேறிய பிறகு எழுதினால் போதும். ஆனால் எழுதும்போது பூசி மெழுகாதீர்கள். நான் தையல் தொழிற்சாலையில் ஒரு வரிசைக்கு மேற்பார்வை பார்க்கிறவள். அடுத்தவர் தைத்ததில் பிசகு எங்கே என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. மறைத்தால் தெரிந்துவிடும்.

எங்களுக்கு ஒரு பெண் இருக்கிறாள். முன்பல் விழுந்து இப்போது பேச்செல்லாம் காற்றாக வருகிறது.

இப்படிக்கு,
மேஸ்திரி வீட்டிலிருந்து


மார்ச் 2

அன்புள்ள அண்ணிக்கு,

அண்ணன் என்னைப் பற்றிச் சொன்னது சரிதான். எழுதவும் எனக்கு வராது. இதற்கு முன் சில காகிதங்களைக் கிழித்துப் போட்டுவிட்டேன். இடுப்பில் இன்னும் கட்டு இருப்பதால் படுத்துக்கொண்டே எழுதுகிறேன், கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மலையின் கிழக்குச் சரிவில் இருந்தோம். ஷெல் விழ ஆரம்பித்ததும் முதலில் அடிபட்டது எங்கள் லெப்டினன்ட். அவரைத் தூக்கிக்கொண்டு கீழே ஓடைவரைக்கும் போனேன், ஆம்புலன்ஸ் அங்கேதான் நிற்கும். திரும்பி ஏறியபோது சமையல்காரர் கிடந்தார், அண்ணனுக்கும் தொடையில் பட்டிருந்தது. துணியால் இறுக்கிக் கட்டிவிட்டு, சமையல்காரரைத் தூக்கச் சொன்னார். அடுத்து ஏறியது அண்ணனுக்காகத்தான். ஆனால் அதற்குள் வயர்லெஸ்காரனுக்கு வயிற்றில் பட்டுவிட்டது. "அவனத் தூக்குடா முதல்ல. நான் எங்க ஓடிப்போயிடப் போறேன்" என்றார் அண்ணன். ஒரு பெரிய பாறையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என் தண்ணீர் பாட்டிலை அவர் கையில் கொடுத்துவிட்டு இறங்கினேன்.

ஓடைக்குப் பக்கத்தில் வரும்போது எனக்கு இடுப்பில் பட்டது. கண் விழித்தது இங்கே. அதற்குள் மலை அவர்கள் கைக்குப் போய்விட்டது.

அண்ணி, அவர் இறந்ததை நான் பார்க்கவில்லை. உயிரோடு இருப்பார் என்று சொல்லவும் தைரியம் இல்லை, ரத்தம் நிறையப் போயிருந்தது. நான் கடைசியாகப் பார்த்தபோது உட்கார்ந்துகொண்டு, பேசிக்கொண்டு இருந்தார். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். இதில் ஒட்டும் இல்லை, வெட்டும் இல்லை.

பாப்பாவுக்கு என் அன்பு.

இப்படிக்கு,
ஊமை


ஜூன் 20

அன்புள்ள தம்பிக்கு,

உங்களுக்குப் பதக்கம் குத்தியதைச் சாப்பாட்டு இடைவேளையில் தொலைக்காட்சியில் பார்த்தோம். என் வரிசைப் பெண்கள் எல்லாம் கை தட்டினார்கள். சட்டை தோளில் ஒரு விரல்கடை இறங்கியிருந்தது. யார் தைத்துக் கொடுத்தார்கள்? வந்தால் நான் பிடித்துத் தருகிறேன். மூன்று பேரைச் சுமந்து இறக்கியவர் என்று சொன்னார்கள். நான்காவது ஆளைப் பற்றிச் சொல்வார்களோ என்று தட்டைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தேன். அதற்குள் விளம்பரம் வந்துவிட்டது.

இது உங்கள்மேல் குறை இல்லை. உங்கள் கடிதம் வந்த பிறகுதான் எனக்கு ராத்தூக்கம் வருகிறது. அவர் எங்கேயோ உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டாவது கண்ணை மூட முடிகிறது.

அலுவலகத்துக்கு மறுபடி போனேன். மேசைக்காரர் கெட்டவர் இல்லை, களைத்தவர். "செத்துட்டாருன்னா பார்த்தவங்க வேணும். உயிரோட இருக்காருன்னாலும் பார்த்தவங்க வேணும். ரெண்டும் இல்லாம வந்து நின்னா உங்களை நான் எந்தக் கட்டுலம்மா வைக்கிறது?" என்று கேட்டார். "ரெண்டும் வேணாங்க. அந்தப் பக்கத்துக்காரங்ககிட்ட ஒரு தடவை கேளுங்க" என்றேன். "சண்டை நடக்கும்போது யாரு கேப்பாங்க?" என்றார். எனக்குப் பின்னால் நின்ற பெண்ணும் அதே பதிலை வாங்கிக்கொண்டு போனாள். அவளுக்குப் பின்னாலும் வரிசை இருந்தது.

உங்கள் இடுப்பு எப்படி இருக்கிறது? நடக்க விடுகிறார்களா?

அன்புடன்,
அண்ணி


ஆகஸ்ட் 9

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் ஷிஃப்டுக்கு ஓடிய பிறகு அலுவலகத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

நாம் சேர்ந்து போனபோது உங்களை நிற்க வைத்துவிட்டு எனக்கு நாற்காலி போட்டார்கள் அல்லவா, அப்போதே எனக்கு ஒருமாதிரி ஆகிவிட்டது. நீங்கள் போனதும் பெரிய அதிகாரி தன் அறைக்குக் கூப்பிட்டு டீ கொடுத்தார். பதக்கத்தைத் தொட்டுப் பார்த்தார். போட்டோ எடுத்துக்கொண்டார். "மேஸ்திரி விஷயம்?" என்று கேட்டேன். "அதெல்லாம் நேரம் எடுக்கும் தம்பி, நீங்க உடம்பைப் பார்த்துக்குங்க" என்று தோளைத் தட்டி அனுப்பிவிட்டார்.

வெளியே சைக்கிள் நிறுத்தத்தின் கூரைக்கடியில் நிறையப் பேர் நின்றார்கள். என்னைப் பார்த்ததும் சூழ்ந்துகொண்டார்கள். ஆளுக்கொரு போட்டோ. "இவனப் பார்த்தீங்களா? கிழக்குப் பக்கம்தான் இருந்தான்." "என் வீட்டுக்காரரு காது கொஞ்சம் மந்தம், அப்படி யாரையாவது பார்த்தீங்களா?" யாரையும் பார்த்ததாகச் சொல்ல முடியவில்லை. ஓடிப்போகவும் முடியவில்லை, இந்த இடுப்போடு எங்கே ஓடுவது. என்ன தோன்றியதோ, அங்கே இருந்த திண்டின் மேல் ஏறி நின்று பேசிவிட்டேன். உங்கள் குடையைத்தான் சொன்னேன். ஒரு குடையைத் தேடுகிற அளவுக்காவது எங்கள் ஆட்களைத் தேடுங்கள் என்றேன். அதிகாரி ஜன்னலைச் சாத்திக்கொண்டார். பத்திரிகைக்காரர் ஒருவர் எழுதிக்கொண்டு போனார்.

பேசி முடித்ததும் இரண்டு பேர் கைகொடுத்துத் திண்டிலிருந்து இறக்கிவிட்டார்கள். அண்ணன் இருந்திருந்தால் சிரித்தே செத்திருப்பார். எழுதிய பிறகுதான் அந்தச் சொல் உறைக்கிறது. மன்னித்துக்கொள்ளுங்கள்.

ஊமை


நவம்பர் 28

அன்புத் தம்பி,

வாய் நிறைய அண்ணி என்று கூப்பிடுகிறவனை 'நீங்கள்' என்று எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. இனி நீதான்.

சைக்கிள் நிறுத்தத்தில் நின்றவர்களைச் சேர்த்து நாம் ஆரம்பித்த சங்கத்துக்குப் பெயர் எழுதிய பேனர் தயார். கழிவுத் துணியை முதலாளியிடம் கேட்டே வாங்கினேன், திருடவில்லை. என் வரிசைப் பெண்கள் மதியச் சாப்பாட்டைச் சுருக்கி எழுத்துகளை வெட்டிக் கொடுத்தார்கள். 'காணாமல் போனோர் குடும்பங்கள்' என்று எழுத்து முழுவதும் தைத்து முடித்ததும் எல்லோரும் விரித்துப் பிடித்துப் பார்த்தோம். பிறகு ஒருத்தி, "அக்கா, இதைக் கழுவினா சாயம் போகாதுல்ல?" என்று கேட்டாள். போகாது. இரட்டைத் தையல்.

அமைச்சகப் படிக்கட்டில் மழையில் நீ உட்கார்ந்திருந்ததைச் செய்தியில் பார்த்துவிட்டு உன்மேல் கோபம்தான் வந்தது. இடுப்பில் இரும்போடு ஈரத்தில் உட்காருவார்களா? பெண் சொல்கிறாள், "சித்தப்பாவுக்குக் குடை இல்லையாம்மா? குடையப் பத்தியே பேசுறாரு" என்று.

பேச்சைப் பற்றி ஒன்று. 'நாட்டுக்காக' என்று மூச்சுக்கு ஒரு தடவை சொல்கிறாய். ஒரு தடவை போதும். சைக்கிள் நிறுத்தத்தில் பேசியது போலப் பேசு. எழுதி எனக்கு அனுப்பு, வேண்டாததைப் பிரித்து எடுத்துவிடுகிறேன்.

கட்சிக்காரர் ஒருவர் இங்கே வந்து உன்னைப் பற்றி விசாரித்துவிட்டுப் போனார். நல்ல செருப்பு போட்டிருந்தார். உன் பக்கமும் வருவார்.

உன் அண்ணி


மே 6

அன்புள்ள அண்ணிக்கு,

வந்துவிட்டார்கள். கட்சிச் செயலாளரே கூப்பிட்டனுப்பினார். அறையில் மின்விசிறி மட்டும் பெரிதாக ஓடிக்கொண்டிருந்தது.

"தேர்தல்ல நில்லுங்க. உங்க நெஞ்சுல இருக்கிறது எங்க கொடியைவிட உசரமா பறக்கும்" என்றார்.

"எனக்கு அரசியல் தெரியாதுங்க."

"தெரிஞ்சவங்களத்தான் ஜனங்களுக்குப் பிடிக்கலையே."

"காணாமப் போனவங்களத் தேடுறதுக்கு என்ன செய்வீங்க?"

"உள்ள வந்து நீங்களே செய்யுங்க. படிக்கட்டுல உக்காந்து எத்தனை நாளைக்குக் கேப்பீங்க?"

அவர் கேட்டது சரிதான். இத்தனை நாளாகக் கத்துகிறோம். ஒரே ஒரு குடும்பத்துக்காவது ஒரு தகவல் வாங்கிக் கொடுத்தோமா? ஆனால் அந்த அறையில் உட்கார்ந்திருந்தபோது அவர் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை, சட்டையைப் பார்த்துத்தான் பேசினார். அதுதான் உறுத்துகிறது. நீங்கள் வேண்டாம் என்றால் நிற்க மாட்டேன். இது வெறும் வாய்ப்பேச்சு இல்லை.

தம்பி


மே 12

அன்புத் தம்பி,

நில்.

அவர்கள் உன்னைப் பயன்படுத்திக்கொள்வார்கள், தெரியும். நீயும் அவர்களைப் பயன்படுத்திக்கொள். உள்ளே போய் ஒரு காரியம் செய்தால் போதும்: அந்த மலையில் போய்ப் பார்க்க ஆள் அனுப்பு. இருந்தால் கூட்டிக்கொண்டு வரட்டும், எலும்பு இருந்தால் எடுத்துக்கொண்டு வரட்டும். மற்றதெல்லாம் உன் விருப்பம்.

வார விடுமுறை நாட்களில் நானும் பெண்களும் வீடு வீடாக வருகிறோம். சட்டையைக் கொடுத்தனுப்பு. இந்தத் தடவையாவது தோள் சரியாக உட்காரட்டும்.

உன் அண்ணி


ஜனவரி 17

அன்புள்ள அண்ணிக்கு,

பதில் எழுதத் தாமதம். தேர்தலில் ஜெயித்ததிலிருந்து கையெழுத்துப் போடவே கை போதவில்லை. நாடாளுமன்றத்தில் என் நாற்காலி கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால். முதல் மாதம் முழுக்கத் தூணிடம்தான் பேசினேன்.

இப்போது முன்வரிசை. காரணம் சொல்கிறேன். இது இன்னும் வெளியே தெரியாது.

அந்தப் பக்கத்தோடு பேச்சு நடக்கிறது. சண்டை நிற்கப் போகிறது அண்ணி, உண்மையாகவே. மலையை அவர்களே வைத்துக்கொள்ள வேண்டியது. பதிலுக்கு, இரண்டு பக்கமும் சேர்ந்து ஓர் ஆணையம் மலையில் இறங்கி, கதி தெரியாதவர்களைத் தேடும். அந்த நிபந்தனையைப் போட வைத்தது நான். மேசையைத் தட்டிப் போட வைத்தேன். மன்றத்தில் ஒப்பந்தத்துக்காகப் பேசப் போவதும் நான்தான், அதனால்தான் முன்வரிசை.

ஆனால் ஒப்பந்தம் மன்றத்தில் தேறுமா என்று தெரியவில்லை. எங்கள் கட்சியிலேயே பாதிப்பேர் எதிர்க்கிறார்கள். காணாமல் போனவர்கள் எல்லாம் அங்கே சிறையில் உயிரோடு இருக்கிறார்கள், அவர்களை விட்டுவிட்டு மலையைத் தாரை வார்க்கிறோம் என்று எதிர்க்கட்சி ஊரெல்லாம் பேசுகிறது.

போன வாரம் ராணுவ ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். நான் படுத்திருந்த அதே கட்டில். அதில் இப்போது ஒருவன், முகத்தில் இன்னும் மீசை சரியாக முளைக்கவில்லை. இரண்டு காலும் இல்லை. என் பதக்கத்தைப் பார்த்துவிட்டு, "எனக்கும் குடுப்பாங்களா சார்?" என்று கேட்டான். நான் வெளியே வந்து வராந்தாவில் உட்கார்ந்துவிட்டேன். இது நின்றாக வேண்டும்.

பாப்பா என்ன படிக்கிறாள்?

தம்பி


மார்ச் 3

தம்பி,

ஒப்பந்தம் தேறிவிட்டது. நேற்றிலிருந்து சுடவில்லை என்று செய்தியில் சொன்னார்கள். என் வரிசையில் உள்ள பெண்ணின் அண்ணன் திரும்பி வருகிறானாம். அவள் இன்று ஊசியில் நூல் கோக்க முடியாமல் அழுதுகொண்டே இருந்தாள். அவளை உட்கார வைத்து அவள் வேலையை நானே செய்தேன்.

உன் பேச்சை நாங்கள் எல்லோரும் சேர்ந்துதான் பார்த்தோம். நீ மேடைதோறும் அவர் பெயரைச் சொல்வாயே, அதைப் பிடித்துக்கொண்டு எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் எழுந்து, "மேஸ்திரி உயிரோட இல்லைன்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்று கத்தினார். எனக்கு உன்னைத் தெரியும், என்ன சொல்வாய் என்றும் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீ, "எப்படித் தெரியுமா? அவர் உயிர் என் மடியிலதான் போச்சு" என்றாய்.

எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். மேலாளர் வந்து, "நீங்க வீட்டுக்குப் போங்கம்மா" என்றார். போனேன். பெண் அதற்குள் பள்ளிக்கூடத்தில் கேள்விப்பட்டு வாசலில் நின்றாள். "அப்பா சித்தப்பா மடியிலதான் செத்தாராமே. உனக்குத் தெரியுமா? ஏன் எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டாள். தலையை வாரிவிடுகிறேன் வா என்றேன்.

எனக்கு ஒன்றே ஒன்று சொல். எனக்கு எழுதியது பொய்யா, அங்கே பேசியது பொய்யா?

அண்ணி


மார்ச் 9

அன்புள்ள அண்ணிக்கு,

உங்களுக்கு எழுதியதுதான் உண்மை.

அந்தக் கேள்வியைக் கேட்டதும் அவை முழுக்க என் வாயைப் பார்த்தது. 'தெரியாது' என்று சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே ஒப்பந்தம் குழியில் விழுந்திருக்கும். ஆஸ்பத்திரிக் கட்டில் கண் முன்னால் வந்தது. வாய் தானாகச் சொல்லிவிட்டது. அதற்குப் பிறகு யாரும் கத்தவில்லை.

ஒரு சொல்லால் எத்தனையோ தாய்மாரின் கண்ணீரை நிறுத்த முடியும் என்றால், அந்தச் சொல்லின் பாரத்தை நான் சுமக்கத் தயார். வரலாறு என்னை எப்படி வேண்டுமானாலும் எழுதட்டும். அண்ணன் இருந்திருந்தால் என்னைப் புரிந்துகொண்டிருப்பார். நீங்களும் புரிந்துகொள்வீர்கள் என்று நம்புகிறேன்.

பாப்பாவிடம் நேரம் வரும்போது நானே பேசுகிறேன்.

உங்கள் தம்பி


மார்ச் 30

தம்பி,

தாய்மாரின் கண்ணீரையும் வரலாற்றையும் நான் பிரித்து எடுத்துவிட்டுப் படித்தேன். மீதி இருப்பது எனக்குப் புரிகிறது. அந்த இடத்தில் நின்றது நீ, நான் இல்லை. சண்டை நின்றதற்கு நானும் சந்தோஷப்படுகிறேன். எதிர்க்கட்சிக்காரர்கள் இரண்டு தடவை வீட்டுக்கு வந்து, "உங்க வீட்டுக்காரர் எப்படி இறந்தாருன்னு அவரு உங்ககிட்ட என்ன சொன்னாரு?" என்று தோண்டித் துருவினார்கள். தெரியாது என்று கதவைச் சாத்திவிட்டேன். எனக்கும் பொய் சொல்லத் தெரிகிறது.

ஆனால் நீ நினைத்துப் பார்க்காத ஒன்று நடந்துவிட்டது. ஆணையத்தின் பட்டியல் நேற்று சங்கத்துக்கு வந்தது. எல்லோரும் அவரவர் ஆள் பெயரைத் தேடினோம். அவர் பெயர் இல்லை. ஏதோ தவறு என்று அலுவலகத்துக்குப் போனேன். அதே மேசைக்காரர்தான். எழுந்து நின்று பேசினார். "கதி தெரியாதவங்களத்தான்மா தேடுவாங்க. உங்க வீட்டுக்காரர் இறந்ததக் கண்ணால பார்த்தவரே சபையில சொல்லிட்டாரு. அத வாக்குமூலமா எடுத்துக் கேஸை முடிச்சாச்சு" என்றார். எனக்கு நல்லது செய்துவிட்டதாகவே அவருக்கு நினைப்பு.

நாம் எதற்காக ஆரம்பித்தோமோ, அதில் எல்லோருடைய பெயரும் இருக்கிறது, அவர் பெயர் மட்டும் இல்லை.

நீ பார்க்கவில்லை என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் சேர்த்துவிடுவார்களாம். ஊருக்குச் சொல்ல வேண்டாம், மேடை ஏற வேண்டாம். ஒரு வரி. செய்வாயா?

உன் அண்ணி


ஜூன் 14

தம்பி,

போன மாதம் எழுதியதற்கும் பதில் இல்லை. தொலைபேசியில் உன் உதவியாளர், ஐயா கூட்டத்தில் இருக்கிறார் என்கிறார். மழைக்காலத்துக்கு முன்னால் ஆணையம் மலையை விட்டு இறங்கிவிடும் என்று சங்கத்தில் பேசிக்கொள்கிறார்கள். உன் உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

அண்ணி


ஜூலை 1

அன்புள்ள அண்ணிக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. என்னைத் துணை அமைச்சராக்கியிருப்பது தெரிந்திருக்கும். ராணுவக் குடும்பங்களின் நலன்தான் என் பொறுப்பு. வாழ்த்து வரும் என்று எதிர்பார்க்கவில்லை.

அந்த ஒரு வரியைப் பல தடவை எழுதினேன். கட்சிச் செயலாளரிடம் காட்டினேன். அவர் கோபப்படவில்லை. "இந்தக் காகிதம் இந்த அறைய விட்டுப் போச்சுன்னா சாயங்காலமே பத்திரிகையில வரும். பொய் சொல்லி வாங்கின ஒப்பந்தம்னு நீதிமன்றத்துக்குப் போவாங்க. மறுபடி சண்டை வந்தா நீ பொறுப்பேத்துக்கிறியா?" என்று கேட்டார். அது நடக்குமா நடக்காதா என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

எழுத்தில் வேண்டாம், அவையிலேயே சொல்லிவிடலாம் என்று போன திங்கட்கிழமை முடிவு செய்தேன். கேள்வி நேரத்தில் கை தூக்கி எழுந்தேன். சபாநாயகர், "துணை அமைச்சர் எதைப் பற்றிப் பேச விரும்புறாரு?" என்றார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் என் தொகுதியில் உடைந்து கிடக்கிற பாலத்தைப் பற்றிப் பேசிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். நன்றாகப் பேசியதாகப் பக்கத்தில் இருந்தவர் தொடையைத் தட்டினார்.

ஒப்பந்தத்தைப் பற்றிய சர்ச்சை ஓயட்டும் அண்ணி. அடுத்த வருஷம் ஆணையத்தைத் திரும்ப அனுப்ப வைக்கிறேன். பாப்பாவின் படிப்புக்கு என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள், நான் இருக்கிறேன். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்பதைத் தவிர இப்போது வேறு வழி தெரியவில்லை.

உங்கள் தம்பி


செப்டம்பர் 22

வணக்கம்.

ஆணையம் வேலையை முடித்துக்கொண்டு இறங்கிவிட்டது. நானும் மகளும் மலையடிவாரம்வரை போய் வந்தோம்.

பட்டியலில் இருந்தவர்களை ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு உள்ளே விட்டார்கள். நாங்கள் கம்பிவேலிக்கு வெளியே நின்றோம். ஊர்வலத்தில் பேனரின் மறுமுனையை எப்போதும் பிடித்துக்கொண்டு வருவாரே அந்த அம்மாள், அவர் தன் மகனை ஒரு சின்னப் பெட்டியில் வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார். முகத்தைப் பார்க்கவில்லை. தன் ஆள் கிடைத்ததற்கு என்னிடம் வெட்கப்பட்டது போல இருந்தது.

எல்லோரும் போன பிறகும் நாங்கள் நிற்பதைப் பார்த்துத் தோண்டும் வேலையின் பொறுப்பாளர் வெளியே வந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் கையிலிருந்த பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தார்.

"கிழக்குச் சரிவுல ஒரு பெரிய பாறைக்குக் கீழ ரெண்டு பேர எடுத்தோம்மா. பட்டியல்ல இருக்கிற எந்தக் குடும்பத்து ரத்தத்தோடயும் சேரல."

"என் பொண்ணோடத எடுத்துப் பாருங்க" என்றேன். அவள் அதற்குள் சட்டைக் கையை மடித்துவிட்டாள்.

"முடியாதும்மா. உங்க வீட்டுக்காரர் கேஸ் முடிஞ்சுபோன கேஸ். பார்த்தவரு மாத்திச் சொன்னா அன்னிக்கே எடுத்துருவேன்" என்றார். பிறகு, "கையை இறக்கிக்கோம்மா" என்று அவளிடம் மெதுவாகச் சொன்னார்.

யாருடையது என்று தெரியாதவர்களை வேலிக்கு இந்தப் பக்கமே புதைத்திருக்கிறார்கள். அந்த இடத்தைக் காட்டினார். ஈர மண், வரிசையாக மேடுகள், ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய ஒரு மரக்குச்சி. பாறைக்குக் கீழே எடுத்தவர்கள் எந்த எண் என்று கேட்டேன். அதைச் சொல்ல அவருக்கு அனுமதி இல்லை. "இதுல எதும்மா அப்பா?" என்று மகள் கேட்டாள். தெரியவில்லை என்றேன். மழையில் நிறையக் குச்சிகள் சாய்ந்திருந்தன. அவள் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை போய் ஒவ்வொன்றையும் நிமிர்த்தி, சுற்றி மண்ணை அழுத்திவிட்டு வந்தாள். பஸ் போய்விடும் என்று நான் கூப்பிட்டும் பாதியில் விடவில்லை.

நீங்கள் மலையில் ஏறி இறங்கியதை நான் மறக்கவில்லை. அதை யாரிடமும் குறைத்துச் சொல்லவும் மாட்டேன். சண்டை நின்றதில் உங்கள் பங்கு பெரிது என்றுதான் இன்றும் சொல்வேன். சங்கத்திலிருந்து நான் விலகிக்கொண்டேன்; அங்கே இப்போது மாலை வாங்குவதும் மேடை போடுவதும்தான் வேலை. பெண்ணின் படிப்பை நான் பார்த்துக்கொள்வேன். அந்த ஒரு வரியைக் கேட்பதற்காகவும் இதை எழுதவில்லை. கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டு முடித்துவிட்டேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மகளிடம் உள்ளதைச் சொன்னேன். அவர் பார்க்கவில்லை, அப்பா உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோதுதான் கடைசியாகப் பார்த்தார் என்று. அவள் நகத்தில் ஒட்டியிருந்த மண்ணைச் சுரண்டிக்கொண்டே வந்தாள்.

"இனிமே அவருக்கு எழுதுவியா?" என்று கேட்டாள்.

"ஒரு தடவை எழுதணும்" என்றேன்.

எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
மேஸ்திரியின் மனைவி